ஊனம் என்று எழுதிய கையால் ஒரு தகுதிச் சான்று

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாக சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பெண்ணுக்கு ஊனம் இருக்கிறது என்று ஆறு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், அவள் வேலைக்குத் தகுதியான உடம்போடு இருக்கிறாள் என்று எழுதி வாங்கவேண்டியிருந்தது.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பாலக்காட்டில் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் குமாஸ்தா என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் உடல் ஊனமுற்றவர்களுக்கென்று ஒரு தனி ரிஜிஸ்தர் உண்டு. அது என் மேஜையில்தான் இருக்கிறது. பதிவு செய்ய வருவார்கள், கார்டு வாங்கிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அதற்கப்புறம் ரிஜிஸ்தரும் தூங்கும், நானும் என் மற்ற வேலையைப் பார்ப்பேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை... ஆனால் உண்மை.

துளசிமணி வந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது தொடையில் கையை ஊன்றி நடந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ்.

கூடவே அவள் அப்பா நாச்சிமுத்து வந்திருந்தார். தோட்டம், கிணறு, வண்டி மாடு என்று வசதியான விவசாயி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த ஊனமுங்கற வார்த்தைய எழுதாம இருக்க முடியாதுங்களா?"

"வேறு எப்படி எழுதுவது?"

"கால்ல கொஞ்சம் சொகமில்லைன்னு எழுதிக்கங்க. சின்னவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறமுங்க. இந்தக் காயிதம் நாலு பேரு கண்ணுல பட்டுதுன்னா..."

துளசிமணிதான் பதில் சொன்னாள்.

"ஏனுங்கப்பா, நான் நடக்கறத ஊரே பாத்துட்டுத்தான இருக்குது? காயிதத்துல எழுதுனா மட்டும் புதுசா என்னங்க தெரியப் போகுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதினேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர் காலைப் பரிசோதித்து, ஊனம்தான் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். கார்டு கொடுத்தேன். 'சீக்கிரம் ஏதாவது வரும்' என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

வந்துவிட்டது.

ஊனமுற்றவர்களுக்கு வேலையில் இடம் ஒதுக்கச் சொல்லி மத்திய சர்க்கார் உத்தரவு போட்டிருப்பதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதன்படி இந்த ஊரிலேயே ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸ் எங்களிடம் டைப்பிஸ்ட் கேட்டது. துளசிமணியின் பெயரை அனுப்பினேன். இண்டர்வியூவில் அவளையே எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைக்குள் வேலையில் சேரவேண்டும். வரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் கொண்டுவரவேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டது. ஃபாரம் எல்லோருக்கும் ஒரே ஃபாரம். 'இவருக்கு எந்த நோயும் அங்கக் குறைவும் இல்லை என்று சான்றளிக்கிறேன்' என்று அச்சடித்திருக்கிறது. கீழே டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். உத்தரவு போட்டவர்கள் நல்ல மனதோடுதான் போட்டிருக்கிறார்கள். பழைய ஃபாரத்தை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் அப்பாவும் மகளும் அந்தக் காகிதத்தோடு வந்து நின்றார்கள். அந்த ஆபீஸுக்கு டெலிபோன் செய்தேன். "சர்ட்டிபிகேட் இல்லாமல் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்லை" என்றார்கள். மறுநாள் லீவு போட்டேன்.

டாக்டர் மலையாளி. நல்ல மனிதர். எங்களோடு தமிழில்தான் பேசினார், கொஞ்சம் மலையாளம் கலந்து. பழைய சான்றிதழின் நகலையும் புது ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஞான் போட்ட கையெழுத்தல்லே? ஊனம்னு எழுதினேன். இப்போ குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதணுமா? நாளைக்கு ரெண்டையும் காட்டி யாராவது கேட்டா ஞான் என்ன பறையும்?"

அவர் கேட்டதில் என்ன தப்பு?

"டைப் அடிக்கக் கைதானே சார் வேண்டும்" என்றேன்.

"கையா, காலான்னு ஃபாரத்தில கேட்கலையே."

அதுவரை கதவோரம் நின்றிருந்த நாச்சிமுத்து உள்ளே வந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டாக்டருங்க... அப்ப அந்தப் பழைய காயிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அந்த வார்த்தை வேண்டாமுன்னு நான் அன்னைக்கே சொன்னேனுங்க."

கிழித்தால் வேலையே இல்லை என்று அவருக்கு நான் விளக்கவேண்டியிருந்தது. ஊனம் இருப்பதால்தான் அந்த இடம். இல்லையென்று எழுதினால்தான் அந்த நாற்காலி. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் திரும்பவும் கதவோரமே போய் நின்றுகொண்டார்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன், பதில் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மேலிடத்திலிருந்து திங்கட்கிழமைக்குள் பதில் வருமா? அடுத்த மாதம் வந்தாலே அதிசயம். அதுவும் அன்றைக்கு ஆஸ்பத்திரி டைப்பிஸ்ட் லீவு. மூலையில் மெஷின் மட்டும் உறை போட்டபடி இருந்தது.

"நான் அடிச்சுத் தர்றேனுங்க" என்றாள் துளசிமணி.

டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்றார். அவள் போய் உட்கார்ந்து, உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கார்பன் வைத்துக் காகிதத்தைச் சொருகினாள். டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அடித்தாள். ஏற்கெனவே ஊனமுற்றவர் என்று சான்று தரப்பட்ட இன்னாரை உடல் தகுதியுள்ளவர் என்று சொல்லலாமா, கூடாதா? இதுதான் கடிதம். அந்த 'இன்னார்' வந்த இடத்திலும் மெஷின் சத்தம் நிற்கவில்லை. தன் பெயரை யாரோ ஒருத்தியின் பெயரைப் போல அடித்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

டாக்டர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். திருத்த ஒன்றும் இல்லை. பேனாவை மூடினார்.

"இது யாரோட காரியம்னு தெரிஞ்சுதானே அடிச்சே?"

"தெரியுமுங்க."

"இது போனா பதில் வர நாளாகும். அதுக்குள்ளே உன் வேலை போயிடும்."

"நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேனுங்க. டைப்பிஸ்ட் வேலைன்னா அதுதானுங்களே."

வெளியே மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் வரிசையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் கடிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்தார். புது ஃபாரத்தை எடுத்து, அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார் — வலது கால் வாதத்தால் பாதிக்கப்பட்டது; டைப்பிஸ்ட் வேலைக்கு முழுத் தகுதி உள்ளவர். கையெழுத்து, முத்திரை.

"யாராவது கேட்டா என்கிட்ட வரச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னம்மா எழுதியிருக்குது?" என்று மகளைக் கேட்டார். அவள் தமிழில் படித்துச் சொன்னாள், கால் என்ற வார்த்தையை விடாமல். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். ஓரத்தில் எழுதியது செல்லுமா என்று அங்கே ஒரு விவாதம் நடந்ததாம். முத்திரை இருந்ததால் செல்லும் என்று முடிவு செய்தார்களாம். டைப்பிஸ்ட் அறை மாடியில் இருக்கிறது. ஊனமுற்றவருக்கு ஒதுக்கிய நாற்காலியை மாடியில் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று நாள் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்கியிருக்கிறாள். நான்காவது நாள், அவள் ஏறுவதைக் கீழே நின்று பார்த்த பெரிய அதிகாரி யாரையும் கேட்காமல் மேஜையையும் மெஷினையும் கீழே கொண்டுவரச் செய்துவிட்டார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கீழே சௌகரியமா என்று கேட்டேன்.

"சௌகரியந்தானுங்க சாருங்க. காத்துத்தான் வர்றதில்ல. ஃபேன் வேணுமுன்னு மனுக் குடுத்திருக்கறேன். ஒரு வாரமாச்சு, பதிலே காணோமுங்க. இன்னொண்ணு எழுதோணும்."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். ஃபேன் கேட்டு இரண்டாவது மனு எழுதுகிற பெண்ணை இனி யாரும் சர்க்கார் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட முடியாது.