குங்குமத்துக்கு அடியில் இருந்த நிறம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். நல்லது சொல்ல இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் இருந்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது. கேட்பதென்றால் என்னைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அண்ணன் இலுப்பூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, புதுக்கோட்டையில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு சொந்தப் பட்டறை வைத்து என்னைப் படிக்கவைத்தார், குளத்தூரில் கட்டிக்கொடுத்தார். கையில் தின்னர் வாடை போகாதென்று ஸ்பூனில்தான் சாப்பிடுவார். அதையும் பவுசு என்று கேலி பேசியது நம் சொந்தம்தான்.

என் மாமனார் வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. அதைச் சென்னைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக அந்த வீட்டுக்கு மூத்தவரான என் கணவரின் அண்ணன் ஆசைப்பட்டார். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தால்தான் பரிசு. சிவப்புதான் அந்த நிறம் என்று அவர் அடித்துச் சொன்னார். எதற்கும் பார்த்துவிடலாமென்று அண்ணனை வரவழைத்தார்கள்.

முன்பு யாரோ தகரம் தெரியச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்திருந்ததால், அண்ணன் கைபடாத இடமாகத் தேடினார். மீட்டர் பலகைக்கு அடியில் கிடைத்தது. அங்கேயும் சிவப்பு தெரிந்ததும் மூத்தவருக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் தலையை உள்ளே விட்டார்; டார்ச் அடித்தவள் நான். தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தார். சிவப்பு அப்படியே துணியோடு வந்துவிட்டது. பலகை கறைபடக் கூடாதென்று மாமனார் ஆயுத பூஜைதோறும் அடியில் எண்ணெய் தொட்டு வைத்த குங்குமம் அது.

மூத்தவர் துணியைத்தான் பார்த்தார். “எங்கப்பா வச்ச குங்குமத்தையா அழிச்சீங்க?” என்றார். குனிந்து பார்க்கச் சொன்னார் அண்ணன். அவர் குனியவில்லை.

“நீதான லைட்டு புடிச்ச. உள்ள என்ன கலருன்னு நீயே சொல்லு ஆத்தா” என்றார் அண்ணன் என்னிடம்.

புகுந்த வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள். “எனக்குச் சரியாத் தெரியலண்ணே” என்றேன்.

பத்தே நாளில், நெடுநாள் படுக்கையில் இருந்த மாமனார் இறந்துபோனார். குங்குமத்தை அழித்த கைதான் மாமியாரின் குங்குமத்தையும் அழித்தது என்று பேச்சு கிளம்பியது. மாலையோடு வந்த அண்ணனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் அவருக்கு அழைப்பில்லை. எனக்கான பொங்கல் சீரை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துவிட்டு போன் செய்வார். “அங்கிட்டு வரலத்தா, ஒனக்கு எதுக்குச் சங்கடம்” என்பார்.

வேறு ஆளை வைத்துச் சிவப்படித்த கார், கண்காட்சியிலிருந்து பரிசில்லாமல் திரும்பியது. அங்கே வந்த நடுவர் குனிந்து பார்த்துவிட்டாராம். அது எனக்குத் தெரிந்தும் அண்ணனிடம் சொல்லவில்லை. எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்குள் நுரையீரல் கெட்டு அவர் படுத்துவிட்டார். கடைசி வரை அவரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட பட்டறைப் பிள்ளைகளுக்கும், கண் மூடும்வரை பக்கத்தை விட்டு நகராத அண்ணிக்கும் எங்கள் நன்றி. பெரிய மாலையோடு வந்த என் புகுந்த வீட்டாருக்கும் நன்றி. இந்த மலர் அவர்கள் ஒவ்வொருவர் கைக்கும் போக வேண்டுமென்றுதான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

அண்ணே, நான் பார்த்தேன். இளநீலம்.