எச்சில் கிலுகிலுப்பை

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் தாலுகா அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருந்த சமயம். திருப்பதியில் யாத்ரீகர்களை நம்பி ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். புரட்டாசி வருகிறதென்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மரபொம்மைகளைக் கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தாரிடம் வாங்குவேன். பத்துக் குடும்பம், ஒரே அடுப்பு, ஒரே பட்டறை. பொம்மை செய்வதுதான் அத்தனை பேருக்கும் பிழைப்பு. 'என்னுது' என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அரக்குச் சாயம்தான் பூசுவார்கள். எனக்கோ கண்ணைப் பறிக்க வேண்டும். அந்த வருஷம் கதவுக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட் ஒரு டின் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாமென்று இழுத்தார்கள், நான் விடவில்லை.

சரக்கு எடுக்கப் போன அன்று, புத்தூரில் பஸ் மறியல் என்று பேச்சு. வாசலுக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உள்ளே பார்த்தால் ஒரு அம்மாள், அரக்குப் பூசிய கிலுகிலுப்பை ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"ஏம்மா, எச்சில் பண்ணியா எனக்குத் தர்றீங்க? கோயிலுக்கு வர்றவங்க வாங்கற சாமானாச்சே."

அவர் பதறவில்லை. "கொழந்த மொதல்ல வாயிலதானேண்ணா வெக்கும். நாங்க வெச்சிப் பாத்துட்டு, வெந்நீல கழுவிதான் குடுப்போம். செவப்பு இன்னும் பாக்கல. கொஞ்சம் இருங்க."

இத்தனை நாளும் எச்சிலையா விற்றேன் என்று எனக்கு ஆத்திரம். "ஒண்ணும் பாக்க வாணாம்" என்று சிவப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவசரத்தில் ஒன்றிரண்டு அங்கேயே விழுந்துவிட்டன. ஒன்றை மட்டும் என் ஆறு மாதப் பெண்ணுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பல் முளைக்கிற சமயம்; கிடைத்ததையெல்லாம் கடிப்பாள்.

புத்தூரில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கோஷம் போட்டவர்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. மிதித்தவர் அந்த அம்மாளின் கணவர். பின்னால் அந்த அம்மாள், உதடு வீங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"நீங்க உட்டுட்டுப் போன செவப்புல ஒண்ண வெச்சிப் பாத்தேண்ணா. நாக்கு எரிஞ்சிகினே கீது, ரெண்டு தபா வாந்தி. யாருக்கும் குடுத்துடாதீங்க."

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். கிலுகிலுப்பை துணியோடு ஒட்டியிருந்தது, விரலெல்லாம் சிவப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் பெண்ணுக்கு எடுத்துப் போகிறேன் என்பதைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்ப நல்லதாப் போச்சுண்ணா, எங்க வாயோட நின்னுச்சு" என்றார் அந்த அம்மாள்.

கூடையை அவர்களே திரும்ப எடுத்துப் போனார்கள், சுரண்டிவிட்டு அரக்குப் பூச. அந்தப் புரட்டாசிக்கு என் கடையில் பாதி அலமாரி காலியாகத்தான் இருந்தது.

இப்போது பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் பொம்மை வாங்கினாலும் முதலில் என் வாயில் வைத்துப் பார்க்கிறேன். "எச்சில் பண்றியே நைனா" என்று முகம் சுளிக்கிறாள் அந்த மகள். அவள் பிழைத்ததே ஒருவர் எச்சிலால்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.