இரண்டு பக்கமும் ஒரே தாளில்

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், மகப்பேறு வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில், ஜன்னல் மட்டும் தாராளமாக அமைந்துவிட்ட ஒரு சின்ன அறை உண்டு. கருவைக் கலைக்க வேண்டும் என்று வருகிற பெண்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அங்கேதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை நீட்டுகிற அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழக்கத்தில் இல்லை. தரை துடைப்பவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸக்கா.

காரணம் எளிது. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் அக்காவுக்கு அதில் ஒரு நகல் குறையும். அடையாள அட்டையின் முன்பக்கம் மட்டும் எடுத்து வந்தால் பின்பக்கம் எங்கே என்பார். இரண்டையும் தனித்தனித் தாளில் கொண்டுவந்தால், "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வேணுமே" என்பார். ஒரே தாளில் கொண்டுவந்த புத்திசாலியிடம், "இது மங்கலா இருக்கே சார்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூட வந்தவர், அது கணவனோ மாமியாரோ அண்ணனோ, அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். மாடிப்படி இறங்கி, வாசல் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்ச்சாரியிலிருக்கும் நகல் கடையில் வரிசையில் நின்று, அந்தக் கடைக்காரர் உலக நடப்பை அலசி முடிக்கும்வரை பொறுத்துத் திரும்பிவர, பதினொரு நிமிடம் ஆகும்.

அந்தப் பதினொரு நிமிடத்துக்காகத்தான் அக்கா பதினாறு வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

கதவு சாத்தியதும் எதிரில் இருக்கும் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இது நீ எடுத்த முடிவாம்மா?"

சிலர் பட்டென்று ஆமாம் என்பார்கள். அக்கா பேனாவை நீட்டுவார். உபதேசமும் கிடையாது, உச்சுக்கொட்டலும் கிடையாது. சிலர் அழுவார்கள். ஒருத்தி, "எனக்கு இந்தக் குழந்தை வேணும்க்கா, அவங்க வீட்டுலதான் பொண்ணுன்னு ஜோசியம் பாத்துட்டாங்க" என்றாள். அப்படிப்பட்டவர்களுக்கு அக்கா ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று எழுதி, அடுத்தடுத்த வாரம் வரச் சொல்லி, நாள் கடத்தி, கடைசியில் டாக்டர் வாயாலேயே "இனிமே முடியாது" என்று சொல்லவைப்பார். இன்னும் சிலரோ கூட்டிவந்தவர்கள் பயந்து பின்வாங்கும்போதும் தாங்கள் அசையாதவர்கள். அவர்களுக்கு அன்றைக்கே தேதி கிடைத்துவிடும்.

இப்படி ஒரு வேலையைச் செய்கிறவரின் வாழ்க்கையில் பழைய காயம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று நர்சுகள் வெகுநாள் துருவினார்கள். கிடைக்கவில்லை, ஏனென்றால் இல்லை. அக்கா இந்தப் பாடத்தைக் கற்றது ஒரு செருப்புக் கடையில். மருத்துவமனை வேலை கிடைக்கும்வரை ஆறு வருடம் அங்கே விற்பனைப் பெண். செருப்பு ஒருத்தி காலில் இருக்கும், "கடிக்கல, கரெக்டா இருக்கு" என்ற சத்தம் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். மாட்டிக்கொண்டவள் தரையைப் பார்ப்பாள். மறுவாரம் கொப்புளத்தோடு திரும்பி வருவாள். கூட வருகிறவர்களைக் கைப்பை அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் கால் உண்மை பேசும் என்று அக்கா கண்டுபிடித்தது அப்போதுதான். இந்த அறைக்கு வந்த முதல் வாரமே மூன்றாவது நாற்காலியைத் தூக்கி எக்ஸ்ரே அறைக்குக் கொடுத்துவிட்டார்.

கருத்துகள் ரயில் பெட்டி மாதிரி, ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் கொக்கி மாட்டிக்கொண்டு பின்னாலேயே வரும் என்று உலகம் நம்புகிறது. அக்காவிடம் கொக்கிகள் சரியில்லை. காலையில் அரைமணி நேரம் சாமி கும்பிடாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். முட்டை தொடமாட்டார். தூக்குத் தண்டனை கூடாது என்பார். காதலித்தவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும் என்பார், ஆனால் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றுவது போதாது, கொஞ்சமாவது மந்திரம் வேண்டும் என்பார். 'பெண் தன் உடம்பைத் தான் முடிவு செய்யட்டும்' என்பதையும் அதே மூச்சில் சொல்வார்.

அவருடைய அண்ணன் இதைத் தாங்கமாட்டாமல்தான் அவரை வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். அவர்கள் ஒரே மேஜையில் கடைசியாகச் சாப்பிட்டபோது பேச்சு இப்படிப் போனது.

"கொல்ற ஆபீஸ்ல உக்காந்துகிட்டு எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறியே, உனக்கே சிரிப்பு வரலையா?"

"நீங்க மட்டும் என்னண்ணா? வயித்துல இருக்கிறதக் காப்பாத்தணும், வளந்தப்புறம் தூக்குல போடணும்ங்கிறீங்க."

"அவன் குத்தம் பண்ணினவன்."

"அது சரி. நான் சிரிக்கிறேன், நீங்களும் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார், அது நிறையத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மட்டும்.

சரி, அந்தப் பக்கம் இல்லையென்றால் இந்தப் பக்கமாவது சேர்த்துக்கொண்டதா? ஊரில் பெண்கள் உரிமைக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் ஒரு வக்கீலம்மா. நல்லவர், உழைப்பாளி, மூச்சுவிடாமல் பேசுவார். அக்காவை உறுப்பினராக்க ஒரு வினாத்தாள் கொண்டுவந்தார், மொத்தம் பத்துக் கேள்வி. அக்கா ஆறுக்கு ஆமாம் போட்டு நாலுக்கு இல்லை போட்டார். வக்கீலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்த ஃபைல்ல வைக்கிறதுன்னே தெரியலையேம்மா."

"மேஜை மேலயே இருக்கட்டும் மேடம்."

அக்கா கூட்டத்துக்குப் போனால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். நெற்றியிலிருக்கும் திருநீற்றைப் பார்த்து ஒருவர் தள்ளி உட்காருவார், நகல் வதந்தியைக் கேட்டவர் இன்னும் தள்ளி. அந்த வதந்தி இதுதான்: எதிர்க்கடையில் அக்காவுக்குக் கமிஷன். சிலர் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். உள்ளுக்குள் கலைப்புக்கு எதிரானவர், அதனால்தான் பெண்களைக் காகிதத்தால் அலைக்கழிக்கிறார் என்று. அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வக்கீலம்மா பெருமையோடு அதைத் துண்டறிக்கையில் போட்டுவிடுவார். மறுநாளே எல்லா மாமியாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்துபோனால் எவரும் கடைக்குப் போகமாட்டார். ஆகவே அக்கா வாயைத் திறக்கவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை. நிதி திரட்டி, ஒரு நகல் இயந்திரத்தை வாங்கி, அந்த அறைக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள். "இனி எந்தப் பெண்ணும் ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை" என்று வக்கீலம்மா பேசினார். பேசியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார்.

மறுநாளிலிருந்து வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. அக்கா, "கொஞ்சம் வெளிய இருங்க" என்று நேரடியாகச் சொல்லிப் பார்த்தார். "எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன ரகசியம்?" என்று ஒரு மாமியார் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். தண்ணீர் வாங்கிவர அனுப்பினார், குழாய் கதவுக்கு வெளியிலேயே இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒருத்தி கணவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து போகும்போது கதவருகில் நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்பார் என்று எதிர்பார்த்தவள் மாதிரி இருந்தது. கணவன் பக்கத்திலேயே நின்றான். இயந்திரம் சூடாக முனகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நாலாவது வாரம் வக்கீலம்மாவே வந்தார். கூடவே மகள், கல்லூரியில் கடைசி வருடம், இருபத்தொரு வயது.

"இவதான். ரொம்ப ஆரம்பம்தான், ஏழு வாரம். முடிவு பண்ணிட்டா. அடுத்த மாசம் பரீட்சை இருக்கு, இன்னிக்கே தேதி குடுத்திடுங்க."

மகள் தன் ஷூவின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அடையாள அட்டையை வாங்கினார். இயந்திரத்தின் பக்கம் குனிந்தார். எதையோ தட்டினார், மூடியைத் தூக்கினார், காலால் சுவரோரம் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகத்தில் ஓர் அரசாங்க வருத்தம் இருந்தது.

"மெஷின் ஓடலையே மேடம்."

"நாங்க குடுத்து ஒரு மாசம்கூட ஆகலையே."

"அதுக்கென்ன தெரியும், பாவம். எதிர்க்கடையில எடுத்துட்டு வந்திடுங்களேன். ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல."

"நீங்க திருந்தவேமாட்டீங்கம்மா" என்று வக்கீலம்மா அட்டையோடு இறங்கினார்.

கதவு சாத்தியது. அக்கா கேள்வியைக் கேட்டார்.

மகள் ஷூ முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு, "எங்கம்மா நான் என்ன முடிவு எடுத்தாலும் கூட நிப்பேன்னு சொன்னாங்க" என்றாள்.

"நல்லதுதானே."

"சொல்லிட்டு அவங்களே எடுத்துட்டாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

"தெரியலைக்கா. நெஜமாவே தெரியலை. வேணாம்னுதான் தோணுது. ஆனா அது நான் நினைக்கிறதா, வீட்டுல பேசுறது காதுல ஓடுதான்னு பிரிச்சுப் பாக்க முடியலை."

"ஒரு வாரம் போதுமா?"

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ரத்தத்துல ஏதோ சரியில்லைன்னு நான் எழுதுறேன். அதுக்கெல்லாம் எனக்குப் பழக்கம்."

வக்கீலம்மா வேக நடைக்காரர். ஒன்பதாவது நிமிடத்திலேயே கதவு திறந்தது. நகலை மேஜையில் வைத்தார். சுவரோரம் பிடுங்கிக் கிடந்த மின்கம்பியைப் பார்த்தார். அறையிலிருந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்றில் அக்கா, ஒன்றில் மகள், தான் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வக்கீல் மூளை, அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"பதினாறு, மேடம்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான்."

வக்கீலம்மாவின் முகம் சிவந்தது. கோபம் யார்மேல் என்று அவருக்கே பிடிபடாத மாதிரி மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார்.

"அம்மா, அடுத்த வாரம் நான் தனியா வரேன்" என்றாள் மகள்.

 வக்கீலம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அடுத்த வாரம் மகள் தனியாக வந்தாள். நகல்கள் கச்சிதமாக இருந்தன. அக்கா கேட்டார், அவள் இந்த முறை யோசிக்காமல் பதில் சொன்னாள். என்ன பதில் என்பது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அக்கா யாரிடமும் சொன்னதில்லை, வக்கீலம்மாவும் யாரிடமும் கேட்டதாகத் தகவல் இல்லை.

பத்து நாளில் சங்கத்திடமிருந்து மருத்துவமனைக்கு ஒரு கடிதம் வந்தது. அன்பளிப்பு இயந்திரம் வேலை அதிகமுள்ள தரைத்தளக் கணக்கு அலுவலகத்தின் உள்வேலைக்கு இருந்தால் கூடுதல் பயன் தரும் என்றும், உடனே மாற்றும்படியும் கேட்டிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. கையெழுத்து செயலாளருடையது. இரண்டு ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். இயந்திரம் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

அக்கா காத்திருந்தார். நன்றிக்காக அல்ல, ஒரு வார்த்தைக்காக. வரவில்லை. அந்த வருடத்து ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை. ஒருமுறை மருத்துவமனை வாசலில் வக்கீலம்மா எதிரே வந்தார். அக்கா கையைக் குவிக்கத் தூக்கினார். வக்கீலம்மா கைப்பையில் எதையோ அவசரமாகத் தேட ஆரம்பித்தார். தெரியாதவரைப் பார்த்து யாரும் அப்படித் தேடமாட்டார்கள். அக்கா தூக்கிய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தொலைபேசியில் கேட்டார். "இன்னும் அந்த வேலைதானா?"

"ஆமாண்ணா. ஜெராக்ஸ் கேக்கிற வேலைதான்."

"வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே?"

"இல்லண்ணா."

திங்கட்கிழமை காலை ஒரு கணவன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான். பெரிய ஜன்னல் வழியாக அவன் சாலையைக் கடப்பது தெரிந்தது. போகிற போக்கில் மாடியைத் திரும்பிப் பார்த்து வாயசைத்தான். என்ன சொல்லியிருப்பான் என்பது அக்காவுக்குத் தெரியும். கடையில் நாலு பேர் நின்றார்கள். இன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகலாம். அக்கா ஜன்னலிலிருந்து திரும்பி, எதிர் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து உட்கார்ந்தார்.