அருளானந்தனின் சனிக்கிழமைக் குளியலறை

குளியலறையில் தண்ணீர் தேங்கினால் அருளானந்தன் முதலில் குழாயைப் பூட்டமாட்டார், விசாரணையைத் திறப்பார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தேங்கிய நீருக்குள் நின்றபடியே, மிதக்கும் தலைமயிர் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பார். நீளம் பார்ப்பார். நிறம் பார்ப்பார். பிறகு கூடத்தை நோக்கிக் குரல் கொடுப்பார்.

"மேரி, இஞ்சை ஒருக்கால் வாரும். இது ஆற்றை?"

யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் விசாரணைக்கே வருவார். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த வீட்டில் ஆட்கள் மூன்று பேர். அருளானந்தனின் தலையில் மிச்சமிருப்பது பெயருக்குத்தான். மகள் லீசா கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் மனைவி மேரியம்மாவுக்கு மட்டுமே உண்டு.

அருளானந்தன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். பிழை என்பது எப்போதும் எதிரே வருகிறவனுடையது என்று அவர் நம்புகிறார். பஸ் பிந்தினால் பனியில் பிழை. பனி இல்லாத மாதமென்றால் சைக்கிள்காரரில் பிழை. "நான் என்ரை பாட்டிலை போறன். அவங்களெல்லோ வந்து இடிக்கிறாங்கள்" என்பது அவருடைய நிரந்தர வாக்குமூலம். ஒருமுறை தெருவோரம் நின்ற குப்பைத்தொட்டியைப் பற்றியும் இதையேதான் சொன்னார். வீட்டில் சோறு குழைந்தால் அரிசிக் கொம்பனி மாட்டிக்கொள்ளும்.

அடைப்பு விஷயத்தில் மாட்டிக்கொண்டது மேரியம்மாவின் கூந்தல். குளியலறையில் தலைவாரத் தடை வந்தது. தை மாதக் குளிரில் பல்கனியில் நின்று வாரவேண்டியதாயிற்று. எதிர் மாடியில் இருக்கும் நொர்வேக்காரக் கிழவி, இது இவர்களுடைய ஊரில் ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணி, மரியாதையோடு தலையசைக்கத் தொடங்கினாள்.

லீசா பொறுத்துப் பார்த்தாள். "அப்பா, ஒரு ரூர்லெக்கரைக் கூப்பிடுங்கோவன்" என்றாள். குழாய் வேலை செய்கிறவருக்கு இங்கே அதுதான் பெயர்.

"அவன் வந்து என்ன சொல்லப்போறான்? தலைமயிர் எண்டுதான் சொல்லுவான். அதைத்தான் நான் சும்மாவே சொல்லிக்கொண்டிருக்கிறனே!"

சனிக்கிழமை காலையில் மட்டும் அருளானந்தன் வேறு மனிதர். கடலோர ஊர்காவற்றுறையில் பிறந்தவருக்கு, தான் தின்னப்போகும் மீனை இன்னொருவன் வெட்டுவதைப் பார்த்தால் வயிறு எரியும். கடையில் நிற்கும் பெடியன் தலையை வீசிவிடுகிறான், முள்ளை உடைக்கிறான், கத்தியைக் கோடாலியாகப் பிடிக்கிறான். ஆனால் மேரியம்மாவின் சட்டம் கடுமையானது. வீட்டுக்குள் மீன் வருவதென்றால் கடையில் வெட்டி, துப்பரவாக்கித்தான் வரவேண்டும். அருளானந்தன் அதற்கு "ஓம், ஓம்" என்று தலையாட்டியவர்தான்.

மேரியம்மா சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். லீசா மதியம் வரை எழும்பமாட்டாள். தமிழ்க் கடையிலிருந்து முழுக் கொடுவா மீன் ஒன்று குடைக்குள் ஒளிந்து மாடியேறும். அது சமையலறைப் பக்கம் திரும்பாது, நேரே குளிக்கும் மூலைக்குப் போகும். அருளானந்தன் பிளாஸ்ரிக் முக்காலியில் குந்தி, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைவரை சுரண்டுவார். செதில்கள் சுவரெல்லாம் பறக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் பெருநாள் பூசையில் நிற்கிறார் என்று நினைப்பீர்கள். முடிந்ததும் கைக்குழாயைத் திறந்து எல்லாவற்றையும் கழுவி விடுவார். பிறகு நாற்றம் போக, நொர்வேக்காரர் நிலம் துடைக்கும் பச்சைச் சவர்க்காரத்தைத் தாராளமாக ஊற்றுவார்.

வேலை முடிந்து வரும் மேரியம்மாவுக்குக் குளியலறை பைன் மரக் காடுபோல மணக்கும். குளிர்பெட்டியில் மீன் துண்டுகள் வரிசையாக இருக்கும். "கடைப் பெடியன் நல்ல கைகாரன்" என்பாள். அருளானந்தனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இதைவிடப் பெரிய புகழ் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் கிடைக்கும். "எங்கடை வீட்டிலை சனிக்கிழமையிலை இவர்தான் பாத்றூம் கழுவுறவர்" என்று மேரியம்மா சொல்ல, மற்றப் பெண்கள் தத்தம் கணவன்மாரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அருளானந்தன் பணிவோடு நிலத்தைப் பார்ப்பார்.

செதில் எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீரோடு போனது போனதுதான்.

இந்த வாரம் தண்ணீர் போகவே இல்லை. வழக்கம்போல விசாரணை நடந்தது, வழக்கம்போல ஒரு நீள மயிர் விளக்குக்கு நேரே பிடிக்கப்பட்டது. வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. மேரியம்மா மறுத்துப் பேசவில்லை. மகளிடம் திரும்பினாள்.

"பிள்ளை, நீ தலைமயிர் வெட்டுற இடத்திலை சனிக்கிழமைக்கு எனக்கும் ஒரு நேரம் எடு. கழுத்தோடை வெட்டட்டும். உந்தக் கதை அதோடை முடியட்டும்."

"நல்லது" என்றார் அருளானந்தன். சொல்லிவிட்டுச் சாப்பிட இருந்தவர், மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். உண்மையில் அந்தக் கூந்தல் அவருக்குப் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். விடியற்காலைப் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, தலையணை நிறையப் பரந்து கிடக்கும் அதை நின்று பார்த்துவிட்டுத்தான் அறைக் கதவைச் சாத்துவார். இத்தனை வருட வாழ்க்கையில் இதை மேரியம்மாவிடம் அவர் சொன்னதில்லை. கூந்தலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அடைப்பைப் பற்றித்தான்.

சனிக்கிழமை மேரியம்மா வேலைக்கு லீவு எடுத்திருந்தாள். அவள் புறப்படுவதற்குள் அடைப்பை எடுத்துவிட்டால் கூந்தல் தப்பிவிடும் என்று கணக்குப் போட்ட அருளானந்தன் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். தரைத் துளையை மூடியிருந்த தட்டியைக் கழற்றினார். அதன் கீழே நாற்றம் மேலே வராமல் தடுக்கும் கிண்ணத்தின் பிடியைப் பற்றி இழுத்தார். அது அசையவில்லை. மாதாவை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு முழுப்பலத்தோடு இழுத்தார். அது பிடுங்கிக்கொண்டு வந்து, உள்ளே இருந்ததில் பாதியை அவர் முகத்தில் அடித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். உள்ளே கூந்தல் இல்லை. செதில். அடுக்கடுக்காக, பச்சைச் சவர்க்காரத்தில் ஒட்டி, கல்லாக இறுகிப்போன கொடுவாச் செதில். தலைமயிர் ஒன்றாவது இருக்கிறதா என்று விரலால் கிண்டித் தேடினார். ஒன்றே ஒன்று இருந்தது. கட்டை மயிர், அவருடையது.

ஓடி வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அருளானந்தன் அப்படி ஓடுகிற ஆள் இல்லை. செதிலையெல்லாம் வழித்துப் பொலித்தீன் பைக்குள் கட்டி, சவர்க்காரப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்தார். பூனை மாதிரி அறைக்குள் போய், மேரியம்மாவின் சீப்பில் சிக்கியிருந்த மயிரைப் பிடுங்கி வந்து, உருட்டி, அழுக்கு நீரில் தோய்த்தார். திட்டம் அவருக்கே பிடித்துப்போயிற்று. குற்றமும் நிரூபணமாகும், மன்னிப்பும் வழங்கப்படும், கூந்தலும் மிஞ்சும்.

கதவைத் திறந்தபோது மேரியம்மா குளிர்க்கோட்டு அணிந்து, பின்னலைக் கோட்டுக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு, புறப்பட நின்றாள்.

"பாத்தீரே? நான் சொன்னனான்தானே!" என்று உருண்டையை உயர்த்திப் பிடித்தார் அருளானந்தன். "இவ்வளவும் உம்மடை தலைமயிர். சரி, நடந்தது நடந்துபோச்சு. நீர் வெட்டவேண்டாம். நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை. இனிமேல் கவனமாயிருந்தால் காணும்."

மேரியம்மா உருண்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கிட்ட வந்தாள். அவருடைய புருவத்தில் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்து, உருண்டை இல்லாத அவருடைய மற்றக் கையை விரித்து, உள்ளங்கை நடுவில் வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது.

"கடைப் பெடியன் நல்லாத்தான் வெட்டுறான்" என்றாள்.

கோட்டைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினாள். "பிள்ளை, அந்த நேரத்துக்கு அப்பா வாறாராம் எண்டு சொல்லு" என்று லீசாவிடம் சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று பின்னலை அவிழ்த்தாள்.

அருளானந்தன் உருண்டையைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். பிறகு, பழக்கதோஷத்தில், கைக்குழாயைத் திறந்து கையைக் கழுவினார். செதில் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, துளைக்குள் இறங்கிப் போயிற்று.