நேராகப் போகும் குரல்

மேடை உடைகள் தைக்கும் பெரியவள் தன் தங்கையை இரண்டு தடவை அளப்பாள். மூச்சை முழுக்க விட்டபின் ஒரு தடவை, முழுக்க இழுத்தபின் ஒரு தடவை. விலா எலும்புப் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று அங்குலம். எத்தனையோ பாடகிகளுக்குத் தைத்திருக்கிறாள். ஒருத்திக்கும் இரண்டரையைத் தாண்டியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவாள்.

இப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லாத காலமும் இருந்தது. சின்னவள் இசைக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்துவிட்டு, நகரத்தின் பெரிய ஓபரா இசைநாடக அரங்கில் சேர மூன்று முறை பாடிக் காட்டினாள். மூன்று முறையும் ஒரே பதில்தான். சுருதி சுத்தம், காது அபாரம், ஆனால் குரல் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. ஒரு ததும்பல், ஒரு நடுக்கம் வேண்டாமா? அறுபது வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டாமா? மூன்றாம் முறை வீடு திரும்பியவள் இசைப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினாள். மறுவாரமே ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலையில் சேர்ந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சச் சொந்தக்காரர்கள் போதும் என்று பெரியவள் தன் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷம் அறிவிப்பாளரின் கண்ணாடி அறையில் போயிற்று. ஒரு நாள் மதியம், ஒரு வண்டி ஐம்பது நிமிஷம் தாமதம் என்று சின்னவள் அறிவித்த கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். தோளில் பெரிய பெட்டியோடு ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நிலைய மேலாளர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"வண்டி வர்றப்ப வரட்டும் சார். இப்ப பேசினது யாரு?" என்றார் வந்தவர்.

லூட் என்கிற பழங்கால நரம்பு வாத்தியத்தைச் செய்கிறவர், வாசிக்கிறவர் அவர். வீட்டில் எல்லோருக்கும் லூட்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் அவருடைய பட்டறைக்குப் போனார்கள். மரச்சீவல்களுக்கு நடுவே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவர் வாசிக்க, சின்னவள் நானூறு வருஷப் பழமையான ஒரு பாட்டைத் தாளைப் பார்த்துப் பாடினாள். முடிந்ததும் அவர் லூட்டை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"இதெல்லாம் ஒரு சின்ன அறையில பத்துப் பேருக்கு நடுவுல பாடின பாட்டும்மா. குரல் ஆடினா என் வாத்தியம் முழுகிப் போயிடும். உங்க குரல் நேரா போகுது. இதையா குறைன்னு சொன்னாங்க?"

திரும்பி வரும்போது பேருந்தில் சின்னவள் அழுதாள். பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கியது பெரியவள்தான்.

வேலையை விடாமலே சின்னவளும் லூட்காரரும் கச்சேரி செய்தார்கள். நூலக வாசிப்பறை, அருங்காட்சியகக் கூடம், ஒரு முறை பழைய மருந்துக்கடையின் மாடி. அந்தப் பாட்டுகளை முதலில் பாடியவர்களின் குரலைக் கேட்ட ஆள் உலகத்தில் இல்லை; தாளில் இருப்பதுதான் சாட்சி. ஒரு சொல்லை அந்தக் காலத்தில் எப்படி உச்சரித்திருப்பார்கள் என்று இரண்டு வாரம் சண்டை போட்டுக்கொள்வார்கள். கேட்க வந்த நாற்பது பேர் நூறானார்கள், பிறகு உட்கார இடமில்லாமல் நின்றார்கள்.

அப்போதுதான் தடித்த கண்ணாடி போட்ட ஓர் இசையமைப்பாளர் அம்மாள் கடைக்கே வந்தார். ஒரு பேர்பெற்ற பாடகிக்காக அவர் எழுதிய புதுப் படைப்பு, அரங்கேற்றத்துக்குப் பதினொரு நாள் இருக்கையில் திரும்பி வந்திருந்தது. முதல் பக்கத்தில் பென்சிலால், 'இதை மனிதர் பாட முடியாது.' முப்பத்தெட்டு நிமிஷம். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரங்கள். கூட நாலு வயலின். நடுங்கும் குரலில் அந்த நுண்ணிய சுரங்கள் கரைந்துபோகும், நேரான குரல் வேண்டும் என்றார் அம்மாள்.

தாளைப் புரட்டிப் பார்த்த சின்னவள், "பாடிப் பாக்கிறேன்மா," என்று மட்டும் சொன்னாள்.

ரயில்களுக்கு இடையே நிலையத்துச் சாமான் அறையில் பாடினாள். மாலையில் கடையில், துணிச் சுருள்களுக்கு நடுவே பாடினாள். துணி எதிரொலியைக் குடித்துவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லையாம். பெரியவள் கடிகாரம் பிடித்தாள். பேருந்து ஓட்டும் அவள் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டனுக்குப் பாட்டன் கேட்டதையும் பாடுறா, இனிமே பொறக்கப் போறவன் கேக்கிறதையும் பாடுறா. நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன், எனக்குன்னு ஒரு பாட்டு இல்ல," என்றார். ஆனால் அரங்கேற்ற நாளில் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததும் அவர்தான்.

முதல் பாதி லூட்டோடு பழைய பாட்டுகள். அரங்கம் சொக்கிப்போயிருந்தது. இரண்டாம் பாதியில் புதுப் படைப்பு தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஒவ்வொரு நாற்காலி மடங்கும் சத்தமும் பெரியவளுக்கு ஊசி குத்தியது போல இருந்தது. தங்கை கண் சிமிட்டவில்லை.

பதினேழாம் பக்கம் வந்தது. படைப்பின் முதுகெலும்பே அதுதான். நான்கு வயலின்களும் பிடித்திருக்கும் ஒரு சுரத்தின்மேல் குரல் ஊர்ந்து ஊர்ந்து மேலே போக வேண்டும். சரியாக அங்கே முதல் வயலினின் தந்தி பட்டென்று அறுந்தது. மற்ற மூவரும் திகைத்து வில்லை நிறுத்திவிட்டார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிப்படியில் நிற்பது போல, சாய்ந்துகொள்ள ஒரு சுரமும் இல்லாமல் சின்னவள் தனியாக நின்றாள்.

நிறுத்தினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒன்றரைப் பக்கம், மூன்று நிமிஷத்துக்கு மேல், மயிரிழை மயிரிழையாக ஏறிக்கொண்டே போனாள். வயலின்காரர் தந்தி மாற்றிக் கூர்ந்து கேட்டு முறுக்கினார். தாளில் அடுத்த சுரம் எழுதியிருந்த இடத்தில் நால்வரும் சேர்ந்து வில்லை வைத்தபோது, அவள் குரல் அந்தச் சுரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது, இம்மி பிசகவில்லை. முன்வரிசையில் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். லூட்காரர் பெரியவள் பக்கம் சாய்ந்து, "சுவருன்னாங்களே. பாத்தீங்களா, எதுவும் இல்லாம தானா நிக்குது," என்றார்.

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. வெளியே போனவர்களில் ஒருவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்ததாக அக்காவின் கணவர் எல்லோரிடமும் சொன்னார். பெரியவளுக்குக் கைதட்ட வரவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அந்த அம்மாளே மூன்று படைப்புகள் எழுதினார். கேள்விப்பட்ட மற்றவர்களும் எழுதினார்கள். இன்று வரை இருபத்தாறு. எட்டு வருஷமாகப் பாட்டே பிழைப்பு. கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் பழசு மட்டும் போதும் என்றாலும், புதுசு மட்டும் போதும் என்றாலும் அவள் ஒப்புக்கொள்வதில்லை, பாதிக்குப் பாதி.

அந்த முப்பத்தெட்டு நிமிஷப் படைப்பு போன வருஷம் அச்சில் வந்தது. முதலில் பாடியவர் என்று உள்ளே சின்னவளின் பெயர் இருக்கிறது. முகம் தெரியாத, வேறு தேசத்துப் பாடகிகள் பதினேழாம் பக்கத்துக்கு வழி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். அவளும் சாப்பாட்டை மறந்து ஒரு மணி நேரம் பாடிக் காட்டுகிறாள். பெரியவள் தட்டை மூடி வைத்துவிட்டு, உடை போட்டுப் பார்க்க வந்தவர்களைச் சத்தம் போடாமல் உட்காரச் சொல்கிறாள்.

"யாருங்க அது?" என்று கேட்டால், "என் தங்கச்சி. கொஞ்ச நேரம் கேளுங்க," என்பாள்.