தனம் மாட்டிக் கொடுத்த ஐந்து துண்டுகள்

செய்தி வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் வந்தது. வெயிலும் தூறலும் ஒன்றாக இருந்த வேளை. வாசலில் நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தனலட்சுமியின் தம்பி அவர், சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். செருப்பைக் கழற்றினார், ஆனால் உள்ளே வரவில்லை. "அக்கா விடியக்காலம் போய்ட்சிம்மா. உங்களாண்ட மட்டும் நேர்ல போய் சொல்லணும்னு முன்னியே சொல்லி வச்சிருந்துச்சி" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். தூறல் நின்றுவிட்டதா, என் காதுதான் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டதா என்று தெரியவில்லை.

மஞ்சள் காமாலை என்று பத்து நாளுக்கு முன்னால் தம்பி வீட்டுக்குப் போனவர். திரும்பி வந்து, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மூன்று வீட்டு வரிசையில் நடு வீட்டின் பூட்டைத் திறப்பார் என்றே நினைத்திருந்தேன். இதைப் படிப்பவர்களில் பலர் கையுறை தைக்கும் கம்பெனியில் அவருடன் வேலை பார்த்தவர்கள், ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்கள். உங்களுக்கு அவர் சிரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் சமையலறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கடி அகலம், ஆறடி நீளம். என் கணவர் இருந்தபோது அதில் இருவர் நின்றதில்லை. முடியும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அந்த இடத்தில் நான் ஐந்து துண்டுகள் வைத்திருந்தேன். கை துடைக்க ஒன்று, தட்டுக்கு ஒன்று, கண்ணாடி டம்ளருக்கு ஒன்று, சூடான பாத்திரம் பிடிக்க ஒன்று, மேடை துடைக்க ஒன்று. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக்கூடாது. கன்னியாஸ்திரிகள் நடத்திய கான்வென்ட் பள்ளியில் படித்தவள் நான். அங்கே எங்களுக்குத் தையலும் அந்த ஒழுங்கும் ஒன்றாகவே வந்தன.

தனம் முதன்முதலில் உறை மோர் கேட்டு வந்தபோது, குழாயில் ஒன்று, ஜன்னல் கம்பியில் இரண்டு, தாழ்ப்பாளில் ஒன்று, என் தோளில் ஒன்று என ஐந்தும் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, சமையக்கட்டா, டோபி கடையா?"

கான்வென்ட்டில் கற்றது என்று சொல்லி, ஐந்துக்கும் உள்ள வேலையைப் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"எங்க வூட்ல இந்த அஞ்சு வேலைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கீது."

"எது?"

"என் முந்தானி."

அன்று நான் சிரிக்கவில்லை. மோரைக் கொடுத்து அனுப்பினேன். அவர் அன்றிலிருந்து என்னைக் 'கான்வென்ட்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

போன வருடம் கோடையில் ஒரு நாள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியில் மூலையைப் பிடித்துத் தொங்கிய துண்டு காற்றில் நீண்டு, திரி ஸ்டவ்வைத் தொட்டது. தீ மிக அழகாக, ஒரு அவசரமும் இல்லாமல் மேலே ஏறியதுதான் நினைவிருக்கிறது. யாருடைய வீட்டிலோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வாடைக்கு ஓடிவந்த தனம் என்னை இடுப்போடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, துண்டைப் பிடுங்கி வாளியில் அமுக்கினார். என் முழங்கையில் ஒரு கொப்புளம். அவர் உள்ளங்கையில் இரண்டு.

திருச்சியிலிருந்து என் மகன் வந்தான். கொப்புளத்தைப் பார்த்தான். சமையலறையைப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் மெதுவாகப் பேசினான்.

"யார் உதவியும் இல்லாம உங்களால இருக்க முடியும்னா இருங்கம்மா. இல்லன்னா அடுத்த மாசம் வண்டியோட வரேன். சாமானை ஏத்திக்கிட்டுப் போயிடலாம்."

மகன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கே நான் எழுந்திருக்கும் நேரம் இன்னொருவருடைய நேரமாக இருக்கும். இங்கே என் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அதை இழப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. சுவர் மெல்லியது. அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம், பெருமாள் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தபோது, ஒரு பொட்டலம் கொக்கிகளோடு வந்தார். சமையலறை நடுவில் நின்று எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"இங்கே இடமே இல்லை தனம்" என்றேன்.

"எடம் இல்லன்னு சொல்லாதீங்க. எடத்துக்கு அடியில எடம் கீது."

ஸ்டவ்வுக்கு எதிர்ச்சுவரில் தட்டுகள் அடுக்கும் பலகை இருக்கிறது. அதற்கும் கீழே உள்ள கல் மேடைக்கும் நடுவில் ஒன்றரை அடி வெற்றிடம். இத்தனை வருடம் அதை நான் இடமாகவே எண்ணியதில்லை. தனம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் துண்டுகளின் மூலையில் நான் தைத்திருந்த நாடா வளையங்களைப் பிளேடால் பிரிக்கத் தொடங்கினார்.

"என்ன செய்யறே? வளையம் மூலையிலதான் இருக்கணும்."

"மூலைல வச்சதாலதான் வாலு நீண்டு நெருப்பாண்ட போச்சி. நட்ட நடுவுல வச்சா பாதிதான் தொங்கும். எங்க கம்பெனில கையுறை காயற ரூமு இத்துனூண்டு. அத்தினி கையும் அதுக்குள்ள காயணும். நீட்டமா மாட்டுனா சூப்பர்வைசர் கத்துவாரு."

துண்டின் நடுவில் வளையமா? என் பள்ளியில் அப்படித் தைத்தால் பிரம்படி விழுந்திருக்கும். சொன்னேன். "அவங்க வரப்போறாங்களா இங்க?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தார். நானும் ஒரு ஊசியை எடுத்து இரண்டு துண்டுக்குத் தைத்தேன். பலகையின் அடியில் ஐந்து கொக்கிகளை முறுக்கி ஏற்றினார். வரிசையாக அல்ல, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. துணி துணியோடு ஒட்டினால் காயாதாம்.

மாட்டி முடித்தபோது ஐந்து துண்டுகளும் மடக்கிய வெள்ளைக் குடைகள்போல் தொங்கின. கல்லைத் தொடவில்லை. ஒன்றையொன்று தொடவில்லை. கதவு வழியே வந்த காற்றில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பக்கம் திரும்பி, மெல்லத் திரும்பி வந்தது. வெளிச்சம் துணிக்குள் புகுந்து பால்போல் ஆனது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, கடலடியில் எதையோ பார்ப்பவர்கள்போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மதியம் எப்போது முடிந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

மகன் சொன்னபடி வந்தான். வண்டிக்காரரிடம் பேசி வைத்துவிட்டே வந்திருந்தான். ஜன்னலைப் பார்த்தான், ஸ்டவ்வைப் பார்த்தான், குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தான்.

"நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

தனம் அப்போது கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல், "நான்தான்" என்றேன்.

"ஆமா சார்" என்றார் தனம், ஒரு கணமும் தயங்காமல். "அம்மா தலையில உதிச்சதுதான். கொக்கி எடுத்துக் குடுத்தது நானு, அவ்ளோதான்."

மகன் வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டு அன்று மாலையே கிளம்பினான். அவன் போனதும் தனம் உள்ளே வந்து, என் முன்னால் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பொய்யும் கான்வென்ட்லதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லை. அது நானா கத்துக்கிட்டது."

அன்றுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்குத்தான் மன்னிப்பே இல்லை. உங்களில் சிலர் அந்தத் துண்டுகளைப் பார்க்க வந்தீர்கள். நடுவில் வளையம் எப்படித் தைப்பது, கொக்கிகளை எப்படி முன்பின்னாக வைப்பது என்று நான் விளக்கினேன். தனம் சுவரில் சாய்ந்து, எதையோ முதல்முறை கேட்பவர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வீடுகளில் 'கான்வென்ட்டம்மா சொன்ன மாதிரி' என்று இப்போது தொங்கும் துண்டுகள் எதிலும் என் யோசனை ஒரு நூல்கூட இல்லை. எல்லாம் தனலட்சுமியுடையவை. மகனிடம் சொன்ன பொய்க்குக் காரணம் இருந்தது. உங்களிடம் சொன்னதற்கு என் கர்வம் தவிர வேறு காரணம் கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கலாம். ஒரு வருடத்திற்கு மேல் இருந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை மகனுக்குக் கடிதம் போட்டேன். தீயை அணைத்தது யார், துண்டுகளை மாட்டியது யார், யார் உதவியும் இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது வரை எழுதினேன். அவன் வண்டியோடு வந்தால், காபி கொடுத்து, வர முடியாது என்று நேரில் சொல்வேன். இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டு இங்கே இருக்க விரும்புகிறேன்.

தனத்திடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், துண்டுகளைச் சொல்ல மாட்டேன். இல்லாததைக் கிண்ணத்தோடு வந்து கேட்க அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. நேற்று எண்ணெய் டின்னின் மூடி எனக்குத் திறக்கவில்லை. வேறொரு காலமாக இருந்தால் கத்தியால் நெம்பி விரலை வெட்டிக்கொண்டிருப்பேன். டின்னை எடுத்துக்கொண்டு, பூட்டியிருந்த நடு வீட்டைக் கடந்து, மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் ஈரக் கையோடு வந்து திறந்தாள்.

"என்னால முடியல. இதைக் கொஞ்சம் திறந்து குடும்மா" என்றேன்.