மூன்றாம் பாட்டில் வந்த வெடிச்சத்தம்

அந்த ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்பே, அதைப் பற்றி உலகத்தார் சொன்ன அத்தனையையும் படித்து முடித்திருந்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை எனக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துத் தெரு நெட் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். இணையம் ஊர்ந்து வந்த காலம். ஒரு பாட்டு இறங்கி முடிப்பதற்குள் கருத்துப் பக்கம் முழுவதையும் படித்துவிடலாம்.

அது அமெரிக்காவின் பழைய ராப் குழு. கல்லூரியில் கூடப் படித்தவன் தந்த கேசட்டில் தொற்றிக்கொண்ட பைத்தியம். அவன் வெளிநாடு போய்விட்டான், பைத்தியம் என்னிடம் தங்கிவிட்டது. அச்சகத்தில் பேச்செடுத்தால், "பாடுறானுகளா, வையுறானுகளா?" என்று கேட்டுவிட்டுச் சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். தலை நரைத்த பிறகு அந்தக் குழு, போரையும் அரசாங்கத்தையும் எதிர்த்து இந்த ஆல்பத்தைப் போட்டிருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஊரில் அப்படி யாரும் இல்லை.

கருத்துப் பக்கத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கிழவர்கள் பாடம் நடத்துகிறார்கள் என்றார் ஒருவர். இந்த வயதிலும் கோபம் ஆறவில்லையே என்று உருகினார் இன்னொருவர். ஆட்டம் போட முடியாத பாட்டெல்லாம் ஒரு பாட்டா என்று ஒருவருக்கு வயிற்றெரிச்சல். பெரிய சண்டை, மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் வரும் குண்டுவெடிப்புச் சத்தத்துக்கு. மலிவான நாடகம் என்று பாதிப் பேர், அது இல்லாமல் பாட்டே இல்லை என்று மீதிப் பேர். நான் நாடகம் என்ற கட்சியில், பாட்டைக் கேட்காமலே சேர்ந்திருந்தேன்.

ஒரு மதியம் அந்தப் பாட்டு ஒருவழியாக இறங்கியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் காற்று, ஒரு குழந்தையின் சிரிப்பு, பிறகு வெடித்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டால் எல்லோரும் செய்வதுதான். வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். அந்தத் திசையில் நம் ஆட்களுக்கு வேலை என்றால் உடனே போன் போடுவோம். என் அக்காவுக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள்தான்.

வானம் வெறுமனே கிடந்தது. தெருவில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரே வண்டியிலிருந்து பேப்பர் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெட் சென்டர்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எங்கன ஓடுறீக?" என்றார். சத்தம் பாட்டில் வந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு ரூபாய் போனில் கம்பெனி ஆபீசுக்குப் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சிரைக்க வந்தாள்.

"ஏலே, என்ன ஆச்சு? எங்கன சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பாட்டுல வந்துச்சு. நெசம்னு நெனச்சுட்டேன்."

"கிறுக்குப் பயலே. சீசன் நேரத்துல உசுர வாங்குறியே. ஞாயித்துக்கெழம வா, அப்படி என்ன பாட்டுன்னு நானும் கேக்குறேன்."

அன்றே கருத்துப் பக்கத்தில் எழுதினேன். எங்கள் ஊர் இப்படி, சத்தம் கேட்டால் நாங்கள் இதைச் செய்வோம், நான் வாசலுக்கு ஓடினேன், ஆகையால் கட்சி மாறிவிட்டேன் என்று, தப்பும் தவறுமான இங்கிலீஷில். மறுநாள் போய்ப் பார்த்தேன். எனக்குக் கீழே ஒருவர் அட்டைப்படம் சரியில்லை என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில்கள் குவிந்திருந்தன. எனக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வாரம் முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்தேன். மானங்கெட்ட பொழைப்பு என்று தெரிந்தேதான் பார்த்தேன். அவ்வளவு தனியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டைச் சிடியில் பதிந்து, பிளேயரோடு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அக்காவின் காதிலும் மறுபக்கத்தை என் காதிலும் அழுத்திக்கொண்டோம். முன்கூட்டியே சொல்லியிருந்தும், சத்தம் வந்ததும் அவள் கண் ஜன்னலுக்குத்தான் போனது. பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் யார் என்ன எழுதினார்கள், எந்தக் கட்சி என்ன சொன்னது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்கும் இந்தச் சத்தம் கேட்டுச்சுல்ல?"

"எல்லாருக்கும் கேட்டுச்சுக்கா. அதுக்குத்தான அம்புட்டுச் சண்ட."

"கேட்டுட்டு யாருக்குலே போன் பண்ணுனாக?"

"யாருக்கும் பண்ணலக்கா. கருத்து எழுதுனாக."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள். "ஆளில்லாதவுக போல."